தெரு உதவிக் குழு: கூப்பிடுகிறவர்களுக்கு மட்டும்தான் ஓடுகிறோமா?

முடிச்சூர்வாசி:

வணக்கம். தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூர்ப் பக்கம் குடியிருக்கிறேன். 2015 டிசம்பரில் அடையாற்றுத் தண்ணீர் தெருவுக்குள் வந்தபோது மொட்டை மாடியில் அடுப்பு மூட்டிச் சமைத்து, அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கயிற்றில் கட்டி இறக்கியவர்கள் நாலைந்து பேர் இருந்தோம். தண்ணீர் வடிந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. அதுதான் எங்கள் குழு. பதிவு கிடையாது, தலைவர் செயலாளர் கிடையாது, பேனர் கிடையாது. ஒரு வாட்ஸ்அப் குரூப், அவ்வளவுதான். கொரோனாவில் மாத்திரையும் மளிகையும் வாங்கிக் கொடுத்தோம். 2023 மிக்ஜாம் மழையில் மறுபடி அதே ஓட்டம்.

இப்போது வெள்ளமும் இல்லை, கொரோனாவும் இல்லை. வேலை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. தனியாக இருக்கும் பெரியவர்களை டாக்டரிடம் கூட்டிப்போவது, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வாங்கி வருவது, சிலிண்டர் மாட்டிக் கொடுப்பது, நவம்பர் வந்தால் பென்ஷன்காரர்களுக்கு உயிர்வாழ் சான்றிதழ், ஆஸ்பத்திரியில் இரவுத் துணைக்குப் படுப்பது. குரூப்பில் இருநூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். கைகூப்பும் பொம்மை போட எல்லோரும் வருவார்கள், ஆட்டோ பிடிக்க அதே நாலைந்து பேர்தான். இது எல்லா ஊரிலும் உள்ள கதை, அதைப் புலம்ப வரவில்லை.

என்னை உறுத்துவது வேறு. எங்களுக்கு வரும் அழைப்புகளில் முக்கால்வாசி சொந்த வீட்டுக்காரர்களுடையது. அதிலும் பாதி, வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் செய்தி. 'அப்பா போன் எடுக்கல, ப்ளீஸ் கொஞ்சம் பாருங்க.' ஓடிப்போய்ப் பார்த்தால் அப்பா குளித்துக்கொண்டிருப்பார். போன மாதம் எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னார்: பின் சந்தில் ஒரு வாட்ச்மேனின் மனைவி பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருக்கிறாராம். கணவருக்கு இரவு டியூட்டி. பத்தாவது படிக்கும் பெண் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்துக்கொள்கிறாள். எங்கள் தெருவிலிருந்து நடக்கும் தூரம். அவர்கள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. எங்கள் குரூப்பில் அவர்கள் இல்லவும் இல்லை.

கேட்காதவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? எதைச் செய்யலாம், எதைத் தொடக் கூடாது? இப்படிக் குழு நடத்துகிறவர்கள் சொல்லுங்கள்.

சும்மா_ஒரு_கருத்து:

நல்ல மனசு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இதெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை. நீங்கள் இலவசமாகச் செய்யச் செய்ய, செய்ய வேண்டியவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். நாளைக்கு நீங்கள் கூட்டிப்போன பெரியவருக்கு ஆட்டோவில் ஏதாவது ஆகிவிட்டால் அதே பிள்ளை அமெரிக்காவிலிருந்து வந்து உங்கள் மேல் கேஸ் போடுவான். பார்த்துக்கொள்ளுங்கள்.

கோழிக்கோட்டுக்_கடைக்காரர்:

முடிச்சூர்வாசி, நான் திருநெல்வேலிக்காரன். கோழிக்கோட்டில் பாத்திரக் கடை வைத்துப் பிழைக்கிறேன். உங்கள் கேள்விக்கு இங்கே பழைய பதில் ஒன்று உண்டு, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

1993-இல் இங்கே மெடிக்கல் காலேஜில் சில டாக்டர்கள் சேர்ந்து வலி தணிப்புச் சிகிச்சைக்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள். புற்றுநோய் முற்றியவர்களுக்கு வலி குறைக்கும் மருந்து கொடுப்பதுதான் முதல் வேலை. போகப் போக ஒன்று தெரிந்தது. மிக மோசமான நிலையில் இருப்பவர்களால் ஆஸ்பத்திரி வரைக்கும் வரவே முடியவில்லை. பஸ்ஸுக்குக் காசில்லை, தூக்கி வர ஆளில்லை. அதனால் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில், மலப்புறம் பக்கத்திலிருந்து தொடங்கி, ஊர்க்காரர்களையே பழக்கினார்கள். அக்கம்பக்கத்தார் வலைப்பின்னல் என்று சொல்லலாம். டீக்கடைக்காரர், ஆசிரியர், ஆட்டோ ஓட்டுபவர், காலேஜ் பிள்ளைகள் எல்லோரும் உண்டு. பயிற்சி 16 மணி நேர வகுப்பு, அப்புறம் நாலு நாள் நர்ஸுடன் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது. 2008-இல் மாநில அரசே இதற்கென்று கொள்கை அறிவித்தது. இப்போது பஞ்சாயத்து, நகராட்சிகளே நர்ஸ் வைத்து வீட்டுப் பராமரிப்பை நடத்துகின்றன. 'அரசாங்க வேலையை நாம் ஏன் செய்ய வேண்டும்' என்ற நண்பர் இதைக் கவனிக்கவும். இங்கே ஊர் முதலில் செய்தது, அரசு பின்னால் வந்தது.

கடை மூடும் நாளில் நர்ஸ் வீடு வீடாகப் போகும் வண்டியில் நானும் போவேன். நர்ஸ் சிஸ்டர் நேராக நோயாளியிடம் போய்விடுவார். எங்கள் வேலை திண்ணையில் உட்காருவது. அடுப்பு எரிந்திருக்கிறதா, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருக்கிறார்களா, வீட்டில் இன்னொருவர் இருமுகிறாரா, மழைக்குக் கூரை ஒழுகுகிறதா என்று கண்ணை ஓட்டுவது. பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் 'நீ சாப்பிட்டாயா' என்று கேட்பது. பெரும்பாலும் அதற்குத்தான் அழுகை வரும். நோயாளிக்கு மருந்து, வீட்டுக்கு அரிசி, பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம். மூன்றும் ஒரே வேலை என்பதுதான் இங்கத்தவர்களின் எண்ணம்.

பணம் எங்கிருந்து என்று அடுத்துக் கேட்பீர்கள். என் கல்லாப் பக்கத்தில் ஓர் உண்டியல் இருக்கிறது. சில்லறை மீதியைப் போட்டுவிட்டுப் போவார்கள். இந்த ஊரில் பெரும்பாலான கடைகளில் பார்க்கலாம்.

ஓய்வுபெற்ற_செவிலி:

அரசு மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அந்த வாட்ச்மேன் வீட்டு அம்மாவைப் பற்றி முதலில். யாராவது போய் முதுகைப் பார்த்தீர்களா? இடுப்புக்குக் கீழே முதுகெலும்பு முடியும் இடம், குதிகால், தோள்பட்டை எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு. இங்கெல்லாம் சிவந்திருக்கிறதா பாருங்கள். விரலால் அழுத்தி எடுத்தால் வெளிறிவிட்டுத் திரும்பச் சிவக்க வேண்டும். அப்படி மாறாமல் சிவப்பாகவே நின்றால் அது படுக்கைப்புண்ணின் தொடக்கம். கறுத்த மேனியில் சிவப்புத் தெரியாது. தோல் நிறம் அடர்ந்து, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். அந்த இடத்தைத் தேய்த்து மசாஜ் செய்யாதீர்கள், உள்ளே இன்னும் கெடும். நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் வளையத்தை யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள், அதுவும் வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். விரிப்பில் சுருக்கமே இருக்கக் கூடாது. குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை. இதை அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்க அரை மணி போதும். ஆனால் ராத்திரி முழுக்க இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து மாற்றுவது ஒரு பத்தாம் வகுப்புக் குழந்தையால் ஆகுமா என்று யோசியுங்கள். மோட்டார் வைத்துக் காற்று நிரப்பும் ஏர்பெட் கிடைத்தால் பளு கொஞ்சம் குறையும், ஆனாலும் பக்கம் மாற்றத்தான் வேண்டும்.

தொடக் கூடாதவை: இன்சுலின் ஊசி போடாதீர்கள். மூக்கு வழிக் குழாயில் உணவு ஊற்றாதீர்கள். சிறுநீர்க் குழாயை மாற்றாதீர்கள். மாத்திரையின் அளவை உங்கள் அனுபவத்தில் கூட்டிக் குறைக்காதீர்கள். கீழே விழுந்தவரை 'பாவம்' என்று உடனே தூக்கி உட்கார வைக்காதீர்கள். ஒரு கால் குட்டையாகத் தெரிந்து பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பு எலும்பு முறிந்திருக்கும். அசைக்காமல் போர்வை போர்த்தி 108-ஐக் கூப்பிடுங்கள். வாய் ஒரு பக்கம் கோணினால், கை தூக்க முடியாமல் விழுந்தால், பேச்சுக் குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம். தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள், புரையேறும். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று ஒரு தாளில் எழுதி ஆம்புலன்ஸில் கொடுங்கள். மூளை ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசி போட பொதுவாக நாலரை மணி நேரம்தான் கணக்கு. டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான், ஆனால் கூட வந்தவர்களில் பாதிப் பேருக்குப் பதில் தெரியாது.

டல்லாஸ்_மகன்:

நான் அந்த 'ப்ளீஸ் கொஞ்சம் பாருங்க' கோஷ்டி. உங்கள் ஏரியா இல்லை, ஆனால் அதே கதை. அப்பா சேலத்தில் தனியாக இருக்கிறார். இங்கே வரமாட்டேன் என்கிறார், முதியோர் இல்லம் என்று சொன்னால் பேச்சையே நிறுத்திவிடுகிறார். இரவு இரண்டு மணிக்கு விழித்து, அங்கே மதியம் ஆயிற்றே, சாப்பிட்டிருப்பாரா என்று போன் போட்டால் எடுக்கமாட்டார். குளிக்கிறாரா, விழுந்து கிடக்கிறாரா என்று எனக்கு எப்படித் தெரியும்? நீங்கள் ஓடிப் பார்த்து 'குளிக்கிறார்' என்று சொல்லும்வரை நெஞ்சு படபடக்கும். கேலி செய்யாதீர்கள் சார்.

இன்னொன்று. நாங்கள் பணம் கொடுக்கத் தயார். நீங்கள் ஏன் வாங்க மாட்டேன் என்கிறீர்கள்? மாதம் இவ்வளவு என்று கட்டணம் வையுங்கள். அந்தப் பணத்தில் பின் சந்துக்காரர்களுக்குச் செய்யுங்கள். இரண்டு பக்கமும் சரியாகிவிடும்.

முடிச்சூர்வாசி:

டல்லாஸ் தம்பி, கேலி இல்லை. உங்கள் அப்பா மாதிரி ஆட்களைப் பார்த்துக்கொள்வதில் எங்களுக்கு வருத்தமே கிடையாது. ஆனால் பணம் வாங்கிய அன்றைக்கே நாங்கள் ஆள் வைத்த ஏஜென்சி ஆகிவிடுவோம். ஒருமுறை ஒரு குடும்பம் கட்டாயப்படுத்தி நல்ல தொகையைக் கையில் வைத்தது. அடுத்த வாரத்திலிருந்து பேச்சின் தொனியே மாறியது. 'அம்மாவை ஏன் ஐந்து மணிக்கே கோவிலுக்குக் கூட்டிப்போகவில்லை?' பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். உண்டியல் யோசனை பிடித்திருக்கிறது. யார் போட்டது, எவ்வளவு என்று தெரியாது அல்லவா.

செவிலி அம்மா, நீங்கள் எழுதியதை அச்செடுத்து எல்லோரிடமும் கொடுத்துவிட்டேன்.

நல்லூர்க்காரன்:

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கட பக்கத்தில் ஊருக்கு ஊர் மரண உதவிச் சங்கம் இருக்கும். ஒரு வீட்டில் செத்தவீடு என்றால் பந்தல், கதிரை (நாற்காலி), பாத்திரம் எல்லாம் சங்கத்தில் இருந்து வரும், செலவுக்கு ஒரு தொகையும் வரும். மாதச் சந்தா சிறிய காசுதான். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற வீடும் அதே சந்தா, கூலி வேலைக்குப் போகிற வீடும் அதே சந்தா. அதனால் உதவியை வாங்குகிறவருக்குக் கூச்சம் இல்லை, அது அவருடைய உரிமை. சனசமூக நிலையத்தில் பேப்பர் படிக்க வருகிற கிழவர்கள்தான் கமிட்டியில் இருப்பார்கள். யார் இரண்டு நாளாய் வரவில்லை என்று அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

உங்கள் பின் சந்து ஆட்களிடமும் சந்தா வாங்குங்கோ என்பேன். பத்து ரூபாய் என்றாலும் சரி. தரமாட்டினம் என்று நீங்களாக முடிவு கட்டாதீங்கோ.

சும்மா_ஒரு_கருத்து:

பக்கவாதம் வந்த வீட்டில் போய்ச் சந்தாவா? என்ன சார் இது.

நல்லூர்க்காரன்:

நோயாளி வீட்டில் போய்க் கைநீட்டச் சொல்லவில்லை. சந்தில் இருக்கிற மற்ற வீடுகளும் சேரட்டும் என்கிறேன். இப்ப உங்கள் குழுவில் சொந்த வீட்டுக்காரர் கொடுக்கிறார், சந்துக்காரர் வாங்குகிறார். அப்படி இருக்கும்வரை அவர்கள் வாய் திறந்து கேட்கமாட்டினம்.

ஓய்வு_தாலுகா_ஆபீஸ்:

வருவாய்த் துறையில் குப்பை கொட்டியவன். பின் சந்து வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோவது நல்லதுதான், ஆனால் அதைவிடப் பெரிய உதவி ஒரு கோப்பை நகர்த்திக் கொடுப்பது. உதாரணத்துக்குச் சில சொல்கிறேன்.

முதியோர் உதவித்தொகை. 60 வயது கடந்த, ஆதரவற்ற நிலையில் இருப்பவர்களுக்கு. 2023 ஆகஸ்டிலிருந்து மாதம் 1,200 ரூபாய், அதற்கு முன் 1,000. இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், பிறகு சமூகப் பாதுகாப்புத் திட்ட வட்டாட்சியர் என்று போகும். எங்கே தேங்கும் தெரியுமா? விசாரணைக்கு வரும்போது அந்தப் பாட்டி வீட்டில் இருக்கமாட்டார், அல்லது ஆதாரில் வயது தப்பாக இருக்கும், அல்லது பத்தாண்டாகப் பேசாத மகன் பெயர் குடும்ப அட்டையில் இருக்கும். முழுக்கத் தெரிந்த ஒருவர் கூட நின்றால் பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.

வாட்ச்மேன் மனைவிக்கு வயது எவ்வளவு என்று எழுதவில்லை. எதுவானாலும் முதலில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு ஏற்பாடு செய்யுங்கள். கடுமையான பாதிப்பு என்று சான்று கிடைத்தால் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய்க்கு வழி உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா பாருங்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் உங்கள் பகுதியிலும் இருக்கும். பிரஷர், சுகர் மாத்திரை மட்டும் என்று பலர் நினைத்திருக்கிறார்கள். படுத்த படுக்கையானவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி, வலி தணிப்புப் பராமரிப்பு இரண்டும் அதில் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பெயர் கொடுத்தால் வருவார்கள், ஆனால் யாராவது போய்க் கொடுக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் என்று 70 தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டு வாசலில் ரேஷன் கொடுக்கத் தொடங்கினார்கள். அதிலும் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது ஒரு வேலை.

பெரியவர்களை வீட்டில் அடித்தால், சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு சோறு போடாவிட்டால் 14567 என்ற உதவி எண்ணைக் கூப்பிடலாம். 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். பராமரிப்போம் என்ற நிபந்தனையின் பேரில் எழுதிக் கொடுத்த சொத்தை ரத்து செய்யவும் அதில் இடம் உண்டு. ஆனால் இதில் குழுவாகத் தலையிடாதீர்கள். மனு எழுத உதவுங்கள், போதும். நாளைக்கு அப்பாவும் மகனும் சேர்ந்துகொண்டு உங்களைத் திட்டுவார்கள். நிறையப் பார்த்திருக்கிறேன்.

சும்மா_ஒரு_கருத்து:

சரி, இது நியாயமான பேச்சு. அரசு கொடுப்பதை வாங்கிக் கொடுப்பதற்கு நான் எதிரி இல்லை. எங்கள் ஏரியாவிலும் படிவம் எழுதித் தர ஆள் இல்லாமல்தான் இடைத்தரகர்கள் நூறும் இருநூறும் பிடுங்குகிறார்கள்.

ஈஸ்ட்ஹாம்_அக்கா:

லண்டனில் எங்கள் பகுதியில் ஒரு குழுவில் இருக்கிறேன். இங்கே 2020 மார்ச்சில் அரசாங்கம் 2.5 லட்சம் தன்னார்வலர்கள் வேண்டும் என்று கேட்டது. சில நாட்களிலேயே 7.5 லட்சம் பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். அதில் நிறையப் பேருக்கு வாரக்கணக்காக ஓர் அழைப்புக்கூட வரவில்லை. அதே நேரத்தில், கதவுக்குக் கதவு துண்டுச்சீட்டுப் போட்ட தெருக் குழுக்களிடம் வேலை குவிந்தது. ஆள் எண்ணிக்கை பெரிய விஷயமில்லை என்று அப்போது புரிந்தது. உங்கள் இருநூறு பேரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

எங்கள் விதிகள் சில உங்களுக்குக் கறாராகத் தோன்றலாம். பணம் கையாளும் இடத்துக்கு இரண்டு பேர் போக வேண்டும். யாருடைய ஏடிஎம் கார்டையும் ரகசிய எண்ணையும் வாங்கக் கூடாது, அவர்களே கெஞ்சினாலும் சரி. கடைக்குப் போனால் ரசீது, மீதிச் சில்லறை இரண்டையும் மேஜையில் வைத்து, எண்ணிப் பார்க்கச் சொல்ல வேண்டும். தனியாக ஒருவர் வீட்டுக்குள் போகும் வேலைகளுக்குப் போலீஸ் பதிவுச் சோதனை உண்டு. காரில் அழைத்துப்போனால் மைலுக்கு 45 பென்ஸ் குழு கொடுக்கும். அதை வாங்க மறுக்கக் கூடாது என்பதும் விதி! வசதியுள்ளவர் வேண்டாம் என்று சொன்னால், வசதியில்லாத தன்னார்வலர் வாங்கக் கூச்சப்பட்டு நின்றுவிடுவார். உங்கள் ஆட்டோ காசு யார் கையிலிருந்து போகிறது?

முடிச்சூர்வாசி:

என் கையிலிருந்துதான். மற்ற மூன்று பேரும் அப்படித்தான். அக்கா, இதை யோசிக்க வேண்டும். எங்களோடு வந்துகொண்டிருந்த ஒரு பையன், டெலிவரி வேலை பார்ப்பவன், ஆறு மாதத்தில் நின்றுவிட்டான். பெட்ரோல் காசுதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

கார்டு விஷயம் இங்கே பெரிய தலைவலி. பெரியவர்கள் கார்டையும் நம்பரையும் கையில் திணிப்பார்கள். 'உன்னை நம்பாம யாரை நம்புவேன்' என்பார்கள். மறுத்தால் கோபம்.

கோவை_பென்ஷனர்:

எனக்கு 81. மனைவி போன பிறகு தனியாக இருக்கிறேன். உதவி வாங்கும் பக்கத்திலிருந்து ஒருவன் பேசலாம் அல்லவா?

உங்கள் மாதிரி நல்ல பிள்ளைகள் எங்கள் காலனியிலும் வருகிறார்கள். வந்தால் நின்றபடியே 'ஏதாவது வேணுமா அங்கிள்' என்று கேட்கிறார்கள். எனக்கு என்ன வேண்டும்? ஒன்றும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். உட்கார்ந்து பத்து நிமிஷம் கிரிக்கெட் பேசினால் நானே சொல்லிவிடுவேன், பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை, நேற்று சறுக்கப் பார்த்தது என்று.

அப்புறம், போட்டோ. தயவுசெய்து எடுக்காதீர்கள். எனக்கு அரிசி மூட்டை கொடுத்ததாக ஒருமுறை படம் போட்டார்கள். சம்பந்தி வீட்டிலிருந்து போன் வந்தது, பிள்ளை பார்த்துக்கொள்வதில்லையா என்று. அந்த மூட்டையை நான் காசு கொடுத்துத்தான் வாங்கினேன், தூக்கி வந்தது மட்டும் அவர்கள்.

எங்கள் காலனியில் உருப்படியாக நடப்பது ஒரே ஒரு காரியம். காலை ஏழரைக்கு நான் அடுத்த தெரு டீச்சரம்மாவுக்குப் போன் செய்வேன். அவர் இன்னொருவருக்கு. இப்படி ஏழெட்டுப் பேர் தாண்டிக் கடைசி ஆள் எனக்குச் செய்வார். யாராவது எடுக்கவில்லை என்றால் கால் மணி கழித்து மறுபடி. அப்போதும் எடுக்கவில்லை என்றால் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் போய்ப் பார்ப்பார். இதில் இளைஞர்கள் யாருமே இல்லை. எல்லோரும் எழுபதுக்கு மேல். மாதம் ஓரிரு முறை யாராவது தூங்கிப்போய் ஊரைக் கலக்குவார்கள், திட்டு வாங்குவார்கள். டல்லாஸ் தம்பி, உங்கள் அப்பாவை இப்படி ஒரு சங்கிலியில் கோர்த்துவிடுங்கள். இன்னொருவரை எழுப்பும் பொறுப்பு அவருக்கு இருந்தால் போனை எடுப்பார்.

டல்லாஸ்_மகன்:

ஐயா, இது நல்ல யோசனை. அப்பா பழைய தபால்காரர், நேரம் தவறமாட்டார். சேலத்தில் அவர் நண்பர்களிடம் பேசிப் பார்க்கிறேன். முன்பு எழுதியதில் கொஞ்சம் சூடு இருந்தது, மன்னிக்கவும்.

ஒசாகா_இட்லி:

கேட்காதவர்களைக் கண்டுபிடிப்பது என்ற கேள்விக்கு: ஜப்பானில் இதையே ஒரு பதவியாக வைத்திருக்கிறார்கள். 'மின்செய் இன்' என்று பெயர். 1917-இல் ஒகயாமாவில் ஏழைகளைத் தேடிப் போய்ப் பார்ப்பதற்கு ஆட்களை நியமித்ததிலிருந்து வந்தது. அடுத்த ஆண்டே ஒசாகாவிலும் தொடங்கினார்கள். இன்றைக்கு நாடு முழுக்க 2 லட்சத்துக்கு மேல் இருக்கிறார்கள். சம்பளம் கிடையாது, போக்குவரத்து போன்ற செலவுக்கு மட்டும் கொஞ்சம். ஒவ்வொருவருக்கும் இத்தனை வீடுகள் என்று எல்லை உண்டு. தனியாக இருக்கும் முதியவர், புதிதாகக் குழந்தை பிறந்த வீடு எல்லாம் அவர் கவனத்தில் இருக்க வேண்டும். தெரிந்துகொண்டதை வெளியே சொல்லக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது.

எனக்குப் பிடித்தது, பதவிக்காலம் மூன்று ஆண்டு என்பது. முடிந்ததும் தொடரலாம், அல்லது கௌரவமாக விலகலாம். நம் ஊர்க் குழுக்களில் விலகுவதற்கு வழியே கிடையாது. ஒன்று தேய்ந்து போக வேண்டும், இல்லாவிட்டால் சண்டை போட்டுவிட்டுப் போக வேண்டும். இங்கேயும் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று இல்லை. இருப்பவர்களே அறுபது எழுபதைத் தாண்டியவர்கள், புதிதாக ஆள் கிடைப்பதில்லை.

கோழிக்கோட்டுக்_கடைக்காரர்:

கண்டுபிடிப்பதற்குப் பதவி எல்லாம் வேண்டாம், வீடு வீடாக நடப்பவர்கள் யார் என்று பாருங்கள். தண்ணீர் கேன் போடுபவர், அயர்ன் வண்டிக்காரர், பால் போடுபவர், வீட்டு வேலை செய்யும் அக்காக்கள். முடிச்சூர்வாசிக்கே பின் சந்து விஷயம் அப்படித்தானே வந்தது? அந்த அக்கா குழுவில் இருக்கிறாரா?

முடிச்சூர்வாசி:

இல்லை. நேற்றுக் கேட்டேன். 'எனக்கு வாட்ஸ்அப் எல்லாம் படிக்க வராதுண்ணே, போன் பண்ணிச் சொல்றேன்' என்றார். அப்புறம் அவராகவே இன்னும் மூன்று வீடுகளைச் சொன்னார். ஒன்று டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு முறை பஸ் மாறிப் போகும் ஆள். ஒன்று, பேத்தியை வைத்துக்கொண்டு இட்லி விற்கும் பாட்டி, கண்ணில் புரை, அடுப்புக்கு முன்னால் கை சுட்டுக்கொள்கிறாராம். மூன்றாவது எங்கள் தெருவிலேயே ஒரு மாடி வீடு. கார் நிற்கிறது, வாசலில் கோலம் இருக்கிறது. உள்ளே அந்த அம்மா மறதி நோய் வந்த கணவரை அறையில் பூட்டிவிட்டுத்தான் காய் வாங்கப் போகிறாராம். வெளியே தெரிந்தால் அசிங்கம் என்று யாரிடமும் சொல்லவில்லை. பணம் இருப்பவர்கள் எல்லோரும் சத்தமாகக் கேட்கிறார்கள் என்று நான் நினைத்ததும் முழுக்கச் சரியில்லை போலிருக்கிறது.

வாட்ச்மேன் வீட்டு நிலவரம்: அந்த அம்மாவுக்கு 44 வயதுதான். சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தோம், பிசியோதெரபிஸ்ட் வந்து பார்த்தார். முதுகில் ஓர் இடத்தில் தோல் உரிந்திருக்கிறது. நர்ஸ் வந்து மருந்து வைத்துக் கட்டுகிறார். அடையாள அட்டைக்கு மருத்துவச் சான்று வாங்க வேண்டும், ஆளைத் தூக்கிப்போக வண்டி ஏற்பாடு நடக்கிறது. மகள் விஷயம்தான் நகரவில்லை. தலைமையாசிரியை வரச் சொல்கிறார், பகலில் பார்த்துக்கொள்ளச் சந்திலேயே இரண்டு பெண்கள் முறை போட்டுக்கொள்கிறோம் என்கிறார்கள். அப்பா தயங்குகிறார். அந்நியர் வந்து மனைவிக்குத் துணி மாற்றுவதா என்கிறார். அதில் நான் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

ஓய்வுபெற்ற_செவிலி:

நீங்கள் சொல்ல வேண்டாம். அந்த இரண்டு பெண்களில் ஒருவர் அந்த அம்மாவிடமே கேட்கட்டும். பக்கவாதத்தில் பேச்சுப் போயிருந்தாலும் தலையாட்டத் தெரியும் அல்லவா? இவ்வளவு பேர் பேசுகிறோம், அவருக்கு என்ன வேண்டும் என்று யாரும் எழுதவில்லை.

முடிச்சூர்வாசி:

சரியம்மா. சாயங்காலம் அவர்களிடம் சொல்கிறேன்.

இந்த மாதத்திலிருந்து செய்ய நினைப்பது: ஆட்டோ, பெட்ரோல் காசு உண்டியலிலிருந்து, எல்லோரும் வாங்கியாக வேண்டும். போட்டோ கிடையாது. கார்டு தொடுவதில்லை. வாரத்தில் ஒரு நாள் யாரும் கூப்பிடாமலே பின் சந்திலும் பக்கத்து இரண்டு தெருவிலும் ஒரு நடை. அந்த நடைக்கு வேலை செய்யும் அக்காவும் வருகிறேன் என்றிருக்கிறார், ஆனால் ஞாயிறு மட்டும்தான் முடியுமாம். கறி எடுக்கும் நாளில் யார் வீட்டிலும் நுழைய முடியாது என்று எங்கள் ஆட்கள் முனகுகிறார்கள். ஞாயிறுதான் என்று முடிவாகிவிட்டது. சந்தா விஷயத்தில் எங்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

யாரிடமாவது பழைய ஏர்பெட் இருந்தால் சொல்லுங்கள்.

சும்மா_ஒரு_கருத்து:

குரோம்பேட்டையில் என் மாமியார் உபயோகித்தது இருக்கிறது. மோட்டார் ஓடும், கொஞ்சம் சத்தம் வரும். டியூப் ஒன்று மாற்ற வேண்டும், மெடிக்கல் சாமான் கடையில் கிடைக்கும். தனிச் செய்தியில் முகவரி அனுப்புகிறேன், சனிக்கிழமைக்குள் எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு நான் ஊரில் இல்லை.